இடப்பக்கத்துப் பெஞ்சு

முப்பத்தொரு வருஷம் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தினேன். அதில் பாதி நாள் கண்ணைத்தான் கரும்பலகையில் வரைந்திருப்பேன் போலிருக்கிறது. கருவிழி, லென்ஸ், விழித்திரை, பார்வை நரம்பு. நரம்பை ஒரு கோடாக இழுத்து, முனையில் அம்புக்குறி போட்டு, 'மூளை' என்று எழுதிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவேன். அதற்கு அப்பால் என்ன நடக்கிறது டீச்சர் என்று ஒரு பிள்ளை கேட்டபோது, "பரீட்சைக்கு வராது, உக்காரு" என்று சொன்னது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அறுபத்தாறு வயதில் அந்த அம்புக்குறிக்கு அப்பால் போக வேண்டி வந்தது. என் வீட்டுக்காரர் கண்ணுக்கு நான் தெரியாமல் போனேன்.

அவர் என்னை முதன்முதலில் கண்டுபிடித்த கதையைச் சொன்னால்தான் இது புரியும். எங்கள் கோயிலில் பீடத்தைப் பார்த்து உட்கார்ந்தால் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம், நடுவில் நடைபாதை. கோயில் என்று நான் சொல்வது தேவாலயத்தைத்தான். எங்கள் ஊர் வேதக்காரர்களுக்கு அது கோயில்தான். கல்யாணமாகிப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை நான் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் காலத்தில் பெண்கள் எல்லோரும் வெள்ளைச்சேலைதான். அவர் வேலை முடிந்து தாமதமாக வந்தார். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது திரும்பிப் பார்க்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து நேராக என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"அம்புட்டு வெள்ளச்சேலையில என்னைய எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"தேடுனேன், தெரிஞ்சுது. தேடாட்டா எல்லாம் வெள்ளச்சேலைதான டீச்சர்?"

புதுமாப்பிள்ளை ஐஸ் வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவருக்கு ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலை. பல வருஷம் திருச்செந்தூர் பாசஞ்சரில்தான் போய் வந்தார். நெரிசலான பெட்டியில் ஏறியதும் சீட்டு இல்லாத ஆள் யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். "கறுப்புக் கோட்டு உள்ள வந்தா எல்லாரும் ஒரு தடவ நிமிந்து பாப்பாங்க. சீட்டு எடுக்காதவன் மட்டும் ரொம்ப அக்கறையா வயலப் பாத்துக்கிட்டிருப்பான்" என்பார். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நானும் அந்த வண்டியில் போவேன். போகும்போது ஆறும் வயலும் வாழைத்தோட்டமும் இடப்பக்கம் வரும். எனக்கு இடப்பக்க ஜன்னல். அவர் பெட்டியின் அந்தக் கோடியில் யாரிடமோ வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே, இங்கே பார் என்று கையைக் காட்டுவார். பார்த்தால் வாய்க்கால் கம்பியில் ஒரு மீன்கொத்தி இருக்கும். பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியாதது அவ்வளவு தூரத்தில் இருந்த அவருக்குத் தெரியும்.

கோயிலில் நாங்கள் இருவரும் நடைபாதை ஓரத்து இடங்களைப் பிடித்துக்கொண்டோம். அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பிரசங்கம் நீண்டுகொண்டே போனால் கையைத் தூக்கி, கைக்கடிகாரத்தை எனக்குக் காட்டி, புருவத்தை உயர்த்துவார். நான் முறைப்பேன். நாற்பது வருஷம் ஒரு ஞாயிறு தவறாமல் அவர் காட்டினார், நான் முறைத்தேன். எங்களுக்குள் காதல் என்று ஏதாவது இருந்ததா என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்லுவேன்.

போன ஐப்பசியில், காலையில் பல் விளக்கப் போனவர் குழாயடியில் விழுந்தார். மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். மஸ்கட்டில் வேலை பார்க்கும் எங்கள் மகன் மறுநாளே வந்து நின்றான். ஒரே பிள்ளை. பன்னிரண்டு வருஷமாகப் போனில் நான் அவனிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான், எப்ப வாற? "பைய வாறேம்மா" என்பான். பைய என்றால் எங்கள் ஊரில் மெதுவாக, அவசரமில்லாமல் என்று அர்த்தம். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "என்னலே பைய? சீக்கிரம் வாலே" என்று கத்திவிட்டுப் போனை வைப்பேன். இந்தத் தடவை இரண்டு மாத லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

பத்து நாளில் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். பேச்சு தெளிவாக இருந்தது. இடக்கையில் மட்டும் கொஞ்சம் பலம் குறைவு. பிடித்துக்கொண்டால் நடந்தார். மகன் கட்டிலுக்கு வலப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்காட்டுவான். அடுப்படியிலிருந்து வந்தால் கட்டிலின் இடப்பக்கம்தான் வர முடியும். நான் காப்பியோடு வந்து நிற்பேன். அவர் திரும்பமாட்டார். காப்பி ஆறிக்கொண்டிருக்கும். அவர் மகனைப் பார்த்து, "ஒங்கம்மா எங்கலே?" என்பார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வீம்பு என்று நினைத்தேன். விழுவதற்கு முந்தின வாரம் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று அவரைக் கன்னாபின்னாவென்று ஏசியிருந்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டு பழிவாங்குகிறார் என்று முடிவு கட்டினேன். எனக்கும் கோபம் வரும் என்று காட்ட நாலு நாள் பேசவில்லை. மனுஷனுக்கு மூளையில் அடைப்பு, நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் திரிந்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அந்த வார சனிக்கிழமை வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தோம். உயிரோடு திரும்பியதற்கு நன்றி சொல்லும் ஜெபம், பிறகு இலை போட்டுச் சாப்பாடு. சாத்தான்குளத்திலிருந்து அவருடைய அக்கா, என் மதினி, வந்திருந்தாள். இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் வரவேண்டும். முதலில் அந்த நுனியில் உப்பு, அடுத்து ஊறுகாய், அப்பளம். எல்லாம் முறைப்படி நானே வைத்தேன். அவர் சோற்றின் வலப்பாதியைச் சாப்பிட்டார். நடுவில் கத்தி வைத்து வெட்டியது மாதிரி இடப்பாதி அப்படியே நின்றது. பிறகு இலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார்.

"உப்பு வைக்கல. ஊறுகா வைக்கல. சோறும் கொஞ்சம்தான் வச்சிருக்கு. டீச்சரக் காணும், எங்க போனா?"

நான் அவருக்கு இடப்பக்கம், உப்புக் கிண்ணத்தோடு, சேலை அவர் தோளில் படும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். பந்தியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மதினி சும்மா இருப்பாளா? "எந்தம்பிக்கு ஒரு உப்பு வைக்கக்கூடவா இந்த வீட்ல ஆளில்ல?" என்றாள். கிண்ணத்தை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் அழுதேன். துக்கத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளை இத்தனை பேர் முன்னால் இல்லை என்று சொல்லிவிட்டாரே என்றுதான் இருந்தது.

மகன் மட்டும் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். எடுக்கும் முன் ஒரு படம் பிடித்து, உடற்பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபி பெண்ணுக்கு அனுப்பினான். மேலப்பாளையத்துப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள். அவருக்கு எதிரில் உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்து, தன் மூக்கையே பார்க்கச் சொன்னாள். அவருக்கு வலப்பக்கம் இருந்த விரலை ஆட்டினாள். "ஆடுது" என்று காட்டினார். இடப்பக்கத்து விரலை மட்டும் ஆட்டினாள். கொஞ்சம் தயங்கி, "இதும் ஆடுது" என்றார். பிறகு இரண்டையும் சேர்த்து ஆட்டினாள்.

"இந்தா, இது" என்று வலப்பக்கத்தை மட்டும் காட்டினார்.

"வேற?"

"வேற என்ன? ஒரு கையத்தானம்மா ஆட்டுத."

திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். இரண்டும் சேர்ந்தால் இடப்பக்கம் இல்லாமலே போயிற்று. நான் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கும்மா" என்றாள் என்னிடம். "கண்ணு பாத்தது மூளைக்கும் போயிருது. அதுல எதக் கவனிக்கணும்னு சொல்லுத எடம்தான் அடிபட்டிருக்கு. இடப்பக்கம் ஒண்ணு தனியா இருந்தா தட்டுத்தடுமாறித் தெரிஞ்சிரும். வலப்பக்கம் இன்னொண்ணு வந்துட்டா, அதுதான் ஜெயிக்கும்."

அன்று முழுக்கப் போனை வைத்துக்கொண்டு வாசித்தேன். பழைய வாத்திச்சி இல்லையா, விடமுடியவில்லை. பார்வைக்கான நரம்பு செல் ஒவ்வொன்றுக்கும் உலகத்தில் ஒரு சின்ன ஜன்னல் உண்டாம். அந்த ஜன்னலுக்குள் அதற்குப் பிடித்த ஏதாவது வந்தால் செல் துடிக்கும். வெளிச்சம் மாறவேண்டாம், கண்கூட அசையவேண்டாம், கவனம் அங்கே திரும்பினால் போதும், அதே செல் இன்னும் வேகமாகத் துடிக்கிறது. ஒரே ஜன்னலுக்குள் இரண்டு பொருள் வந்தால் இரண்டும் மல்லுக்கட்டுகின்றன. கவனம் எதன் பக்கமோ, அது ஒன்று மட்டும்தான் இருப்பதுபோலச் செல் நடந்துகொள்கிறது. ஒன்றைத் தேட ஆரம்பித்தாலே போதுமாம், அதன் நிறத்துக்கும் வடிவத்துக்கும் உரிய செல்கள் அது கண்ணில் படும் முன்னாலேயே தயாராகிவிடுகின்றன.

தேடுனேன், தெரிஞ்சுது. ஐஸ் வைக்கவில்லை, மனுஷன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

என் வகுப்பு ஞாபகம் வந்தது. நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பதில் சொல்லுவார்கள். நான் யாரைப் பார்க்கிறேனோ அவள் குரல்தான் எனக்குக் கேட்கும். "இந்த வரிசைய நீங்க பாக்கவே மாட்டேங்கீங்க டீச்சர்" என்று ஒரு வருஷம் இடப்பக்கத்து வரிசைப் பிள்ளைகள் சண்டை பிடித்தார்கள். வாய்பேசாமல் இருங்கள் என்று அடக்கிவிட்டேன். அந்தப் பிள்ளைகள் எங்கே இருந்தாலும் சரி, நான் இப்போது அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மறுநாள் காலை மகன் பால் வாங்கப் போயிருந்தான். வலப்பக்கத்து நாற்காலி காலி. நான் அதே காப்பி, அதே டம்ளரோடு, அதே இடப்பக்கம் போய் நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் தலை பைய இந்தப் பக்கம் திரும்பியது.

"வா டீச்சர். இம்புட்டு நாளா எங்க போயிருந்த?"

நான் டம்ளரை நீட்டினேன். வாசல் கதவு திறந்தது. மகன் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "என்னப்பா, தூங்குனீங்களா?" என்றான். அவர் முகம் அந்தப் பக்கம் போனது, போனதுதான். நான் அங்கேயே நின்றேன். என்னோடு மல்லுக்கட்டி ஜெயிப்பது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாக வா வா என்று நான் கூப்பிட்டவன்தான்.

அவனிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனே சொன்னான். ஒருநாள் மத்தியானம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றான்.

"நான் இருக்கதுனாலதான் நீங்க அப்பாவுக்குத் தெரியமாட்டேங்கீங்க, இல்லியாம்மா?"

"போலே, கூறுகெட்டவனே" என்றேன்.

"நான் போனப்புறம் வேற யாராச்சும் வந்து வலப்பக்கம் உக்காந்தா? அப்பவும் நீங்க காணாமப் போயிருவீங்க. அத நெனச்சா எனக்கு எப்படிம்மா ஊருக்குப் போவத் தோணும்?"

எனக்கும் அந்தப் பயம்தான். இனி யார் வந்தாலும் நான் இல்லாமல் போகவேண்டுமா? நானும் வலப்பக்கமே போய் நின்றுவிடுகிறேன் என்று பிசியோதெரபி பெண்ணிடம் சொன்னேன். அவள் சம்மதிக்கவில்லை. "அவங்களுக்கு அது சொகம்மா. ஆனா இடப்பக்கம் அப்படியே செத்துப்போயிரும். நீங்க இடப்பக்கமே இருங்க. கூப்பிடாதீங்க. அவங்களாத் தேடணும். தேடித்தேடித்தான் மூளைக்கு அந்தப் பக்கம் பழகும்" என்றாள். பேப்பரின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டிக் கொடுத்தாள். ஒவ்வொரு வரிக்கும் அவர் முதலில் டேப்பைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகுதான் வாசிக்க வேண்டும். தலைப்பே பாதிதான் வாசித்துக்கொண்டிருந்தவர், மூன்று வாரத்தில் முழு வரிக்கு வந்தார். டேப்பைக் கண்டுபிடித்தார். என்னைக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு சிவப்பு டேப்பின் மேல் பொறாமைப்பட்ட முதல் பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

மகனின் லீவு முடிய எட்டு நாள் இருக்கும்போது அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். பழைய இடத்திலேயே, நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தார். அவருக்கு வலப்பக்கம் மகன், அதற்கப்பால் பெஞ்சு நிறைய ஆண்கள். இடப்பக்கம் நடைபாதை, அதற்கு இப்பால் நான். ஆராதனை முழுக்க அவர் முகம் ஒருதரம்கூட இந்தப் பக்கம் வரவில்லை. பிரசங்கம் வழக்கம்போல நீண்டது. மகன் கடிகாரத்தை அவருக்கு வலக்கையில் கட்டிவிட்டிருந்தான். அவர் அந்தக் கையைத் தூக்கி, கடிகாரத்தை மகனுக்குக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். அவன் சிரித்தான். இலையில் உப்பு தெரியாததுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அது எனக்குக் காட்டுகிற கடிகாரம்.

அன்று இரண்டு பேரிடமும் எரிந்து எரிந்து விழுந்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு யோசனை வந்தது. கூட்டமே இல்லாத கோயிலில் உட்காரவைத்தால் என்ன? இடமும் பழகின இடம், நானும் பழகின பெஞ்சு. மகனிடம் சொன்னேன். "அப்ப நான் உள்ள இருக்கக் கூடாது" என்றான். "ஆமாலே" என்றேன்.

சனிக்கிழமை மூன்று மணி. திங்கட்கிழமை அவனுக்கு விமானம். கோயிலைப் பெருக்குகிறவரிடம் சொல்லி வைத்திருந்தோம், திறந்துவிட்டுப் போயிருந்தார். நான் முன்னாலேயே போய், இடப்பக்கத்துப் பெஞ்சில் என் ஓரத்தில் உட்கார்ந்தேன். பீரோவின் அடியில் கிடந்த பழைய வெள்ளைச்சேலையைத் தேடியெடுத்துக் கட்டியிருந்தேன். இந்த வயதில் இது என்ன கூத்து என்று எனக்கே சிரிப்பாக வந்தது. மகன் அவரைப் பிடித்துக் கூட்டிவந்து அவர் இடத்தில் உட்காரவைத்தான். "இருங்கப்பா, இந்தா வந்திருதேன்" என்று சொல்லி, அவருக்குப் பின்னால் ஆண்கள் பக்கத்துக் கதவு வழியே வெளியே போனான்.

அவர் வலப்பக்கம் பார்த்தார். காலிப் பெஞ்சு. சுவர். ஜன்னல். "ஏலே" என்று கூப்பிட்டார். மேலே புறா ஒன்று சிறகடித்தது. அதைத் தேடினார். எனக்கு இருமவேண்டும் போலிருந்தது. இங்க பாருங்க, ஆறடியில்தான் இருக்கேன் என்று கத்தவேண்டும் போலிருந்தது. கையை இறுக்கிக் கோத்துக்கொண்டேன். வாழ்க்கையில் இவ்வளவு நேரம் நான் வாயைத் திறக்காமல் இருந்தது பிரசவ ஆஸ்பத்திரியில்கூட இல்லை.

அவர் பார்வை பீடம் வரைக்கும் வந்தது. நின்றது. மறுபடியும் வலச்சுவருக்கே போய்விட்டது. இரண்டாம் தடவை பீடத்தைத் தாண்டி ஒரு ஜன்னல் வந்தது, திரும்பியது. மூன்றாம் தடவை அவர் கழுத்தும் சேர்ந்து திரும்பியது. பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சு. இரண்டாவது. மூன்றாவது. பாசஞ்சர் பெட்டியில் ஒரு கோடியிலிருந்து வரிசை வரிசையாகச் சீட்டுப் பார்த்து வருவாரே, அதே நிதானம். என் பெஞ்சுக்கு வந்ததும் நின்றார்.

வலக்கையைத் தூக்கினார். கடிகாரத்தை எனக்குக் காட்டினார்.

"அங்கன என்ன செய்யுத டீச்சர்? எம்புட்டு நேரமாத் தேடுதேன்."

முறைக்கவேண்டும் என்று நினைத்தேன். முடியவில்லை, அழுகை வந்துவிட்டது. "இங்கனதான் இருக்கேன். எங்க போவேன்?" என்றேன். அவர் சிரித்தார். என்னைப் பார்த்துக்கொண்டே சிரித்தார், முகத்தை எடுக்காமல்.

"பயல எங்க?" என்றார்.

அவர் தோளுக்குப் பின்னால் கதவு எனக்குத் தெரிந்தது. மகன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படிக்கு வெளியே நின்றிருந்தான். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"வெளிய நிக்கான்."

"வரச் சொல்லேன். அவனுக்கு அங்கன என்ன வேல?"

அவன் காதிலும் அது விழுந்தது. ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"பைய வரட்டும்" என்றேன்.

படியில் வைத்த காலை அவன் எடுத்துக்கொண்டான்.